இருபத்தெட்டாவது ஆட்டம்

மணி மூன்று. நான்கு மணிக்குள் அண்ணன் ஒரு வீடியோ ஆட்டத்தை முடித்தாக வேண்டும். முடித்தால் தங்கை தீவுக்குப் போவாள். முடிக்காவிட்டால் இந்த வீட்டிலேயே கிடந்து தேய்வாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் எட்டுக் கை வைத்த அந்தக் கடைசிப் பூதத்துக்கு அதெல்லாம் தெரியுமா? பதினேழாவது முறையாக அது அவனைத் தூக்கித் தரையில் அறைந்தது. திரை சிவந்தது. அவன் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

முப்பத்தாறு வயது ஆளுக்கு இது தேவையா என்று கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்கக் கண்ணாடி தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கோ தலை சுற்றும் என்று பயந்து பயந்து வேலை செய்கிறவன். வீட்டுக்கு வந்தால் பூதத்தை அடிக்கிறான். யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் மூன்று பேர்: அப்பா, அண்ணன், வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற தங்கை. குட்டிக்கு முப்பத்திரண்டு ஆகிறது, பெயர் மட்டும் வளரவில்லை. வானிலை நிலையத்தில் வேலை. காற்றழுத்தத்தையும் மழையளவையும் நிமிடம் தவறாமல் குறித்துக் குறித்து, எதையும் மணிக்கணக்கோடு எழுதாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு வருடத்தில் யார் அதிக ஆட்டங்களை முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று அண்ணன் விளையாட்டாகச் சொன்னான். மறுநாளே அவள் இரண்டு நோட்டு வாங்கி வந்து கோடு போட்டுவிட்டாள்.

ஆட்டத்தின் பெயர், முடித்த தேதி, மணி, நிமிடம், எத்தனை மணி நேரம் பிடித்தது, ஒரு வரி அபிப்பிராயம். பாதியில் விட்டது கணக்கில் வராது. ஆண்டின் கடைசி வேலை நாளில் இருவரும் லீவு போட்டுவிட்டு, மாலை நான்கு மணிக்கு நோட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் பட்டியலை மற்றவர் உரக்கப் படிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆட்டப் பெட்டியான கன்சோலைத் திறந்து காட்ட வேண்டும். ஆட்டம் முடிந்த நிமிடத்தை அது ஒரு பதக்கத்தோடு பதிந்து வைத்திருக்கும். அதனிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஜெயித்தவர் ஒரே ஒரு கட்டளை இடலாம், தோற்றவர் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். சமமாக வந்தால் யாருக்கும் எதுவும் கிடையாது. போன வருடம் அவள் ஜெயித்து அவன் மீசையை எடுக்க வைத்தாள். அதற்கு முந்தைய வருடம் அவன் ஜெயித்து, பேய் ஆட்டம் ஒன்றை அவள் தனியாக உட்கார்ந்து முடிக்கும்படி ஆனது. அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

இந்த வருடக் கட்டளை மீசை சமாச்சாரம் இல்லை. கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு அவளை இரண்டு வருடம் அனுப்புவதாக அலுவலகம் சொல்லியிருந்தது. கல்லூரியில் படிக்கும்போதே அந்தத் தீவின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவள் அவள். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் வரவில்லை என்று அவள் எழுதித் தயாராக வைத்துவிட்டாள். அண்ணன் சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறை. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவனாகத்தான் நோட்டை இழுத்தான்: நான் ஜெயித்தால் நீ போக வேண்டும். அவளும் சரி என்றாள். நான் ஜெயித்தால் நீ இனி அந்தத் தீவின் பேச்சை எடுக்கவே கூடாது என்றாள்.

அன்றிலிருந்து அவன் வெறி பிடித்தவன் மாதிரி விளையாடினான். மூன்று மணி நேரத்தில் முடிகிற சில்லறை ஆட்டங்களாகத் தேடிப் பொறுக்கினான். அவளுக்கு இருபத்தேழு என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கும் இருபத்தேழு. பூதம் விழுந்தால் இருபத்தெட்டு.

பூதம் விழவில்லை. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குட்டி நோட்டோடு வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் இரவுப் பணி முடித்து வந்தவள், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஏப்ரலுக்குப் பிறகு அவள் இரவுப் பணிக்கு மாறிக்கொண்டாள். பகலெல்லாம் அப்பாவோடு.

ஏப்ரல் ஒன்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கண்ணில் அறுவை முடிந்து மூன்றாவது நாள், ஒரு கண்ணில் கட்டு. மூன்று மணி வரை அண்ணன் முறை. மூன்றுக்குக் குட்டி வந்ததும் அவன் கடைக்குப் போக வேண்டும். அன்று நிலையத்தில் ஒரு கருவி பழுதாகி அவள் வர நான்கு நாற்பது ஆகிவிட்டது. வந்தபோது அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். பக்கவாதம். விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நோயாளியோடு கடைசியாக இருந்தது யார், எத்தனை மணி வரை என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்து, நான் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன் என்றான்.

பொய். அவன் மூன்று மணிக்குக் கிளம்பவில்லை. ஹாலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘கலங்கரை’ என்ற ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். இதோ குட்டி வந்துவிடுவாள், அதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முடித்தான். முடித்த சந்தோஷத்தில், குட்டி வாசலில் எதிர்ப்படுவாள் என்று நினைத்து, அப்பாவின் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அந்த ஒரு வாக்கியத்தை அவன் பயத்தில்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் நின்ற குட்டி, நான்தான் லேட் டாக்டர், நான்தான் லேட் என்று அழுததும் அந்தப் பொய் அவள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கிவைக்க அவனுக்கு எட்டு மாதமாகத் துப்பில்லை.

நோட்டில் பொய்த் தேதி எழுதவும் அவனுக்குக் கை வரவில்லை. வேறு ஒரு நாள் போட்டிருக்கலாம், போடவில்லை. ‘கலங்கரை’யையே எழுதாமல் விட்டான். கன்சோலில் தன் பதக்கங்களை மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டினான்.

குட்டி அவன் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள். ஜனவரியில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல். பிப்ரவரி. மார்ச். பக்கம் புரண்டது.

“ஏப்ரல் ரெண்டு,” என்று படித்தவள் நிறுத்தினாள். அடுத்த வரி மே மாதத்தில் இருந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். தன் நோட்டிலும் அந்த இடம் காலிதான் என்று சொல்லிவிட்டு மேலே படித்தாள். தப்பித்தோம் என்று அவன் நினைத்தான். இந்த வெட்கங்கெட்ட நிம்மதியை அவனே கவனித்தான்.

டிசம்பர் வந்தது. இருபத்தேழு. அவளுக்கும் இருபத்தேழு. கட்டளை யாருக்கும் இல்லை. நல்லதாப் போச்சு, ரெண்டு பேருக்கும் மானம் தப்பிச்சுது என்று அவள் சிரித்தாள். நோட்டை மூடப் போனவள் மறுபடி திறந்தாள்.

“ஆமா, கலங்கரை எங்க? மூணு மாசம் அதைப் பத்தியே பொலம்பிட்டு இருந்தியே.”

“பாதியில விட்டுட்டேன்.”

“நீயா?”

ஒரு ஆட்டத்தையும் பாதியில் விடாத ஆள் அவன். பிடிக்காத புத்தகத்தைக்கூடக் கடைசிப் பக்கம் வரை திட்டிக்கொண்டே படிப்பவன். அவள் சந்தேகப்படவில்லை, அதுதான் கொடுமை. அப்பா விழுந்த சமயம், மனசு விட்டுப்போயிருக்கும் என்று அவளே அவனுக்காகக் காரணமும் சொல்லிக்கொண்டாள்.

“எனக்குக் குடு, நான் முடிச்சுத் தரேன். இனிமே நேரம் இருக்குல்ல,” என்றாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். மணி நான்கு முப்பத்தெட்டு. வரவில்லை என்று எழுதி வைத்திருந்த கடிதத்தைத் திறந்து ஒரு முறை படித்தாள். எங்கோ ஒரு எழுத்தைத் திருத்தினாள். அவள் கட்டைவிரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேலே நின்றது. அந்த விரலை அவன் பார்த்தான். நகத்தோரம் தைலத்தின் மஞ்சள் கறை. எட்டு மாதமாக அப்பாவின் காலுக்குத் தடவித் தடவி ஏறிய கறை.

“அனுப்பாத,” என்றான். “எனக்கு இருபத்தெட்டு.”

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் கன்ட்ரோலரை எடுத்து, பூதத்தை மூடி, ‘கலங்கரை’யைத் திறந்தான். அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம். முடிக்காதவருக்கு முதல் திரையில் கடல் இருட்டாக இருக்கும். முடித்தவருக்குப் பொழுது விடிந்திருக்கும். திரையில் வெயில் கொட்டியது.

குட்டி சோபாவிலிருந்து குதித்தே விட்டாள். திருட்டுப் பயலே, முடிச்சுட்டு முடிக்கலைன்னு சொல்றியா என்று அவன் தோளில் ஓங்கிக் குத்தினாள். ஜெயிச்சதை யாராவது மறைப்பாங்களா, லூசா நீ என்றாள். தோற்றுவிட்டதும், தீவுக்குப் போக வேண்டிவரும் என்பதும் அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. அந்த ஒரு கணச் சந்தோஷத்தில் அவள் முகம் பத்து வயது குறைந்திருந்தது. அதை அவன் கெடுக்கப் போகிறான்.

“இரு இரு, சும்மா ஒத்துக்க மாட்டேன். தேதி காட்டு. நிமிஷம் காட்டு,” என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினாள்.

அவன் தடுக்கவில்லை, பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொன்னான். அவள் பதக்கங்களின் பக்கத்தைத் திறந்தாள், கீழே இறக்கினாள், கடைசிப் பதக்கத்தில் நின்றாள். மணிக்கணக்கைப் படித்தே பிழைக்கிறவள். ஏப்ரல் ஒன்பது, மாலை நான்கு பன்னிரண்டு. ஒரு தரம் படித்தாள். எழுந்து திரைக்குக் கிட்டே போய் இன்னொரு தரம் படித்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“இங்கயா இருந்த?”

“ஆமா.”

“ஹெட்போன் போட்டிருந்தியா?”

“ஆமா.”

“அப்பா கூப்பிட்டாரா?”

“தெரியல, குட்டி. எனக்குத் தெரியல.”

அவள் அழவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலை போலிருந்திருக்கும். கன்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“தினம் அவர் காலைத் தேய்க்கும்போது நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். தினமும். நீ கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு இருந்த.”

அவள் போனை எடுத்து, எழுதியிருந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். புதிதாக இரண்டே வரி எழுதினாள், வருகிறேன் என்று. நான்கு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினாள். அவன் இத்தனை நாள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு அப்பாவுக்குக் கால் பயிற்சி. ஒரு நாளும் அவள் தவறவிட்டதில்லை. ஐந்து அடித்தது. அவள் எழவில்லை.

அவன் எழுந்து போனான். அப்பா கட்டிலில் சாய்ந்து, வழக்கம்போலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது மகள் இல்லை என்று தெரிந்ததும் அவன் தோளுக்குப் பின்னால் தேடினார். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, செத்துப்போன அந்த வலது காலின் மேல் கைகளை வைத்தான்.

“அப்பா, அன்னைக்கு நான் மூணு மணிக்குப் போகல. ஹால்லதான் இருந்தேன். கேம் ஆடிட்டு இருந்தேன். குட்டி மேல தப்பு இல்ல.”

அப்பா அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு நல்ல கையை நீட்டி, காலின் மேலிருந்த அவன் கையைப் பிடித்தார். விரல் விரலாக எடுத்துவிட்டு அப்பால் தள்ளினார். அவருக்கு மிஞ்சியிருந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்றைச் சிரமப்பட்டுச் சொன்னார்.

“குட்டி.”

அவள் வந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. அப்பா கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“அவனே செய்யட்டும்பா,” என்றாள். “நான் போயிட்டா அவன்தானே செய்யணும்.”

அப்பா அவளையே பார்த்தார். நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகப் போர்வையில் இறங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை தரம் மடக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. வாசலைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“இருபது,” என்றாள் அவள். “முட்டிக்குக் கீழ கை குடு. மெதுவா.”

அவன் காலைத் தூக்கினான். அப்பா திரும்பவில்லை. அவன் ஒன்று என்றான்.