தகப்பனா என்று மட்டும் கேட்டார்கள்

யேர்மனியின் எசன் நகரில் பிரவீணன் மாடிப்படி இறங்கினால், கீழ்வீட்டு யேர்மன்காரி தன் வாஷிங்மெஷினைத்தான் சந்தேகப்படுவாள். அமெரிக்கன் ஃபுட்போலில் எதிரணியை வழிமறிப்பது அவன் வேலை. போன வருடம் அவன் மேல் மோதி விழுந்த ஒருவன் எழுந்து, மைதானத்துக்குள் சுவர் கட்ட யார் அனுமதித்தது என்று நடுவரிடம் முறையிட்டான்.

இப்போது கனடாவில் ஒரு அணி அவனைக் கேட்டது. அங்கே ஒரு விதி: அணியில் பாதிக்குக் கிட்டக் கனடியர்கள் இருந்தாக வேண்டும். பிறநாட்டவருக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. கனடியனுக்கு ஒதுக்கிய இடம் ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமைக்குள் கனடியன் என்று நிரூபித்தால் அது அவனுக்கு.

பிரவீணன் கனடியன்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவன் தாய் சாரங்கா, புருஷனின் தமையன் நாகமுத்துவின் புதுவீடு குடிபூரலுக்கு ரொறன்ரோ போயிருந்தாள். பால் பொங்க முன்னரே வலி வந்துவிட்டது. ஏழாம் மாதத்துப் பிள்ளை, ஐந்து கிலோ. தராசு பழுதென்று ஆஸ்பத்திரியில் இன்னொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் பழுதாக இருந்தது.

சாரங்கா மயக்க ஊசியில் கிடக்க, தாதி நாகமுத்துவிடம் "நீங்கள்தான் தகப்பனா?" என்று கேட்டாள். பெரியப்பா தகப்பன் இல்லாமல் வேறு யார்? "ஓம்" என்று தலையாட்டினார். ஆகவே கனடாப் பதிவில் பிள்ளை பிரவீணன் நாகமுத்து. எசனில் பெயரைத் திருத்தினார்கள்; கனடாவில் திருத்த யாருக்கும் நினைவு வரவில்லை. யேர்மன் கடவுச்சீட்டிலோ பிரவீணன் நவரத்தினம். அணிக்காரருக்கு இது இரண்டு ஆள்.

பதிவு பிழையென்று நாகமுத்து கையெழுத்து வைத்தால் தீர்ந்தது. திங்கட்கிழமை சாரங்கா பேக்கரி வேலை உடுப்போடேயே அவரை வீடியோவில் அழைத்தாள்.

"அத்தான், சட்டத்தரணி அனுப்பின கடிதத்திலை கையெழுத்து வைச்சிட்டியளோ?"

"வாசிச்சனான். 'நான் தகப்பன் இல்லை' எண்டு கிடக்கு. அது ஏலாது, பிள்ளை."

"வெள்ளிக்கிழமை தாண்டினா இடம் போயிடும், அத்தான்."

"அதுக்காக? தம்பியின்ரை பெடியனை என்ரை பிள்ளை இல்லையெண்டு எழுதித் தாறதோ? இந்த வாயாலை ஓம் எண்டனான்."

"அந்த வாயாலைதானே இவ்வளவு இடைஞ்சலும்," என்றார் பின்னால் நின்ற புருஷன் நவரத்தினம்.

"நீங்கள் பேசாதையுங்கோ. பிள்ளை பிறக்கேக்கை எங்கை நிண்டனீங்கள்?" என்று சாரங்கா அவர் பக்கம் திரும்பினாள்.

நவரத்தினம் தேத்தண்ணி வைக்கப் போனார்.

அத்தான் மாறமாட்டார், கடிதம்தான் மாற வேண்டும் என்று சாரங்காவுக்கு விளங்கியது. செவ்வாய் அவள் எழுதி அனுப்பியதை, பெற்றவர் யாரென்று இதில் தெளிவில்லை என்று சட்டத்தரணி திருப்பி அனுப்பினார். புதனும் அதே கதை. வியாழன் வேலை இடைவேளையில், மாவுக் கையோடு, அத்தானே சொல்வதுபோல் மூன்றாம் தரம் எழுதினாள்:

"தமிழில் தகப்பனின் தமையனைப் பெரியப்பா என்போம். பெரிய தகப்பன் என்று பொருள். ஆஸ்பத்திரியில் தகப்பனா என்று மட்டும் கேட்டார்கள். பெரிய தகப்பனா, பெற்ற தகப்பனா என்று கேட்கவில்லை. பெற்றவன் என் தம்பி நவரத்தினம். பெரியவன் நான்."

சட்டத்தரணி இது போதும் என்று எழுதினார். நாகமுத்து இரண்டு தரம் வாசித்தார்.

"இதிலை எங்கையும் 'தகப்பன் இல்லை' எண்டு வரேல்லை."

"வராது, அத்தான்."

"அப்ப பேனையைக் கொண்டு வாறன்."

வெள்ளி மத்தியானம் அணியின் அலுவலகத்திலிருந்து ஒருத்தி அழைத்தாள். எல்லாம் சரி, கனடியர் பட்டியலில் பிரவீணன் நவரத்தினத்தைச் சேர்த்தாயிற்று என்றாள். பிறகு மெதுவாக, படிவத்தில் நிரப்பத்தான் கேட்கிறேன், அவனுக்கு இன்னும் தகப்பன்மார் உண்டா என்றாள்.

"சின்னத் தகப்பன்மார் ரெண்டு பேர்," என்றாள் சாரங்கா. "ஒருத்தர் பாரிசிலை, மற்றவர் ஒஸ்லோவிலை. இடம் காணுமோ?"