வால் கத்தரித்த கெண்டை

மீன் அறுப்பதுதான் என் பிழைப்பு. தின்பதற்கு அல்ல. ஈரலையும் செவுளையும் தனியாக எடுத்து, அமிலத்தில் கரைத்து மெஷினுக்குக் கொடுத்தால், உள்ளே என்ன விஷம் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். எது யார் கூடை மீன் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பாரபட்சம் வந்துவிடுமாம்.

வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அதனால் லேபிலேயே பொழுதைத் தள்ளுவேன். மீன்களோடு பேசுகிறேன் என்று அட்டெண்டருக்கு ஒரே கிண்டல்.

"பதில் சொல்லுதாம்மா?"

"உங்களவிட நல்லாவே சொல்லுது. போய் வேலையப் பாருங்க."

போன வருஷம் வரை ஞாயிறு தவறாமல் அண்ணன் வருவான். ஏரியில் வலை போடுகிறவன். அண்ணி போனபின் அவனும் ஒண்டிக்கட்டை. பிடித்ததில் நல்ல கெண்டையாகப் பார்த்து, வாலின் கீழ் நுனியைக் கத்தரித்து எனக்கென்று ஒதுக்கிக் கொண்டுவருவான். சின்ன வயதுப் பழக்கம். வால் வெட்டியிருந்தால் அது தங்கச்சி மீன், வேறு யாரும் தொடக்கூடாது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன், வயலில் அடிக்கிற பூச்சிமருந்தும் முலாம் பட்டறைக் கழிவும் அந்த ஏரியில்தான் சேருகிறது, இதைத் தின்னாதே என்று. சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்கும் சொல்வேன். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உன் படிப்ப என் தட்டுல கொட்டாத. இனிமே மீன் வேணும்னா கரைக்கு வந்து வாங்கிக்கோ."

நானும் அவன் தங்கைதானே, எனக்கும் வீம்பு. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு 'ஓ'வென்று கிடந்தது.

இந்த வாரம் அந்த ஏரிப் பெட்டி வந்தது. பனிக்கட்டியை ஒதுக்கினேன். ஒரு கெண்டையின் வால் நுனி கத்தரித்திருந்தது. அடப்பாவி, இன்னும் எனக்கு எடுத்து வைக்கிறானா!

தெரிந்தவர் மீன் என்று மேலதிகாரியிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி அறுத்தாள். ஈரல் சாம்பல் பூத்திருந்தது. செவுள் முழுக்கக் கொழகொழவென்று சளி. மறுநாள் முடிவு வந்தது. பட்டறைக் கழிவில் வரும் காட்மியம் எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது, பூச்சிமருந்தும் குறைவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். நாசமாய்ப் போன ஜெயம், யாருக்கு வேண்டும்?

இனி ஏரியில் வலை போடத் தடை வரும். நோட்டீஸ் போய்ச் சேருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டுமென்று போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தான்.

"என்னடி, வழி தவறி போன் பண்ணிட்டியா?"

"அண்ணே, உன் மீன் எங்க லேபுக்கு வந்துச்சு. வால் வெட்டினது."

"அத மட்டும் எடுக்காதீங்கன்னு சோதனைக்கு மீன் எடுக்க வந்த ஆபீசர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே. என்ன சொல்லுது உன் மெஷின்?"

சொன்னேன். கரையில் யாரோ படகை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, மத்த வாரமெல்லாம் அந்த மீன என்ன பண்ணின?"

"வாரா வாரம் வால வெட்டி வச்சுட்டு உக்காந்திருப்பேன். நீ வரல. உனக்குன்னு வச்சத எப்படி விக்கிறது? நானே தின்னுட்டேன்."

லேப் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லாம் வேணாம், இப்பவே கிளம்பி வா. டாக்டர்கிட்ட போகலாம்."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட வா அண்ணே."