வெட்டச் சொன்ன நாற்பது விநாடி

மார்ச் 14, வியாழன். பிழை: தணிக்கைக்கு அனுப்பிய பிரதியின் தொடக்கத்தில், திரையில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த ஒரு நிமிட வண்ணப்பட்டையை நான் நீக்கவில்லை.

நாட்குறிப்பில் இதை எழுதித் தங்கை இருமுறை அடிக்கோடிட்டாள். படத்தொகுப்பு மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம் அது. படம் அண்ணன் எடுத்து அவள் தொகுத்தது, முப்பது வருடத்துக்கு முன் ஆலை வாசலில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. சுடப்பட்ட பதினொரு பேரின் பெயர்களையும் பெரியம்மா அதில் நிதானமாகச் சொல்வாள். அந்த நாற்பது விநாடியைத்தான் வெட்டச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஆனால் உத்தரவில் இருந்தது வெறும் எண்கள்: 41:10 முதல் 41:50 வரை.

தியேட்டர் பிரதியில் வண்ணப்பட்டை கிடையாது. அதனால் எல்லாம் ஒரு நிமிடம் முன்னால் நகர்ந்திருந்தது. அந்த எண்களில் இப்போது பெரியம்மா இல்லை. அன்றைய அமைச்சர், "அங்கே ஒரு காக்கா குருவிகூடச் சாகவில்லை" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணைப் பாத்து வெட்டு. வாயைத் திறக்காத," என்றான் அண்ணன்.

"கேட்டாங்கன்னா?"

"முழி. அதை உனக்குச் சொல்லியா தரணும்?"

வெள்ளிக்கிழமை தணிக்கை அதிகாரி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். பெரியம்மா பதினொரு பெயரையும் சொல்லி முடித்தாள். அமைச்சரைக் காணோம்.

"என்னம்மா இது, போக வேண்டியவங்க இருக்காங்க, இருக்க வேண்டியவர் போயிட்டாரு?"

முழிப்பதாகத்தான் வந்திருந்தாள், வாய் கேட்கவில்லை. வண்ணப்பட்டைக் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். பதினொரு பேரையும் தானே காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"திருத்தணும்னா எதை வெட்டணும்னு விவரமா எழுதணும். ஏன் வெறும் நம்பரா போட்டோம் தெரியுமா? துப்பாக்கிச் சூடே நடக்கலைன்னுதான் நம்ம ஃபைல்ல இருக்கு. நடக்காத சூட்டுல செத்தவங்களை நான் என்னன்னு எழுத?"

"எழுதக் கூடாதா சார்?"

"எழுதினா நான் நேரா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." வயிறு குலுங்கச் சிரித்தார். "உத்தரவுப்படி நாப்பது விநாடி போயிருக்கு. போயிட்டு வாம்மா."

முத்திரை விழுந்தது.

வாசலில் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்ததும், "உளறிட்டியா?" என்றான்.

"எல்லாத்தையும்," என்று சான்றிதழை நீட்டினாள். அவன் ஸ்கூட்டர்மேல் அப்படியே சாய்ந்துவிட்டான்.

நாளைய வேலை: பத்து மணிக்குத் தியேட்டரில் பிரதியைக் கொடுப்பது. பெரியம்மாவுக்கு நடு வரிசையில் இடம் சொல்வது. முன்வரிசை என்றால் கழுத்து வலி என்பாள்.