சொன்னவர்: கண்ணாடி துடைப்பவர்

நான் வேலை செய்வது ஓர் அகராதி அலுவலகத்தில். ஒரு சொல் எந்தெந்த மொழிக்குள் போய் என்னென்ன வேஷம் கட்டுகிறது என்று சீட்டுச் சீட்டாக எழுதி இழுப்பறையில் போடுவோம். எங்களை நம்பித்தான் உலகம் பேசிக்கொண்டிருப்பதாக எங்களுக்கு ஒரு நினைப்பு.

அப்போது என் தலையில் விழுந்திருந்த சொல் ஆர்னமென்ட். லத்தீனில் அது வேலைக்கு வேண்டிய சாமான், தளவாடம். அழகும் கௌரவமும் கூடச் சேர்ந்தவை. பிரெஞ்சில் பாதிரியாரின் பூசை அங்கிக்கும் அந்தச் சொல் உண்டு. ஜெர்மனில் சுவரிலும் துணியிலும் ஓடும் பூவேலை. தமிழுக்கான கட்டத்தில் அலங்காரம், ஆபரணம் என்று எழுதிவிட்டு, பேச்சு வழக்கில் ஒரு வாக்கியத்துக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

தம்பியிடம் சாப்பிடும்போது கேட்டேன். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவன் வேலை.

"எங்க ஆபீஸ் சுவத்துல எட்டு சேஃப்டி பெல்ட் மாட்டியிருக்காங்கக்கா. பிளாஸ்டிக் உறையக்கூடப் பிரிக்கல. கேட்டா தர மாட்டாங்க. செக்கிங் வர்றவங்க பாத்துத் தலையாட்டிட்டுப் போவாங்க. அதான் எங்க ஆர்னமென்ட்."

விழுந்து விழுந்து சிரித்தேன். கை கழுவியதும் முதல் வேலையாக அதைச் சீட்டில் எழுதினேன். அப்படியானால் நீ எதை மாட்டிக்கொண்டு தொங்குகிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல வாக்கியம் கிடைத்த சந்தோஷம். கடைசியில் ஆசிரியர் அதைக் கிண்டல் என்று ஒதுக்கிவிட்டு, மேசைமேல் இருக்கும் பூச்சாடியைப் பற்றிய வாக்கியத்தைப் போட்டுக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்துப் பதினோராவது மாடியில் தம்பியின் கயிறு அறுந்தது.

விசாரணை அறையில் கம்பெனி மேனேஜர் ஒரு போட்டோவை நீட்டினார். எட்டு பெல்ட்டும் வரிசையாகப் பளபளத்தன.

"நாங்க குடுத்தோம் சார். அவன்தான் போட்டுக்கல. வயசுத் திமிரு."

தம்பியோடு வேலை பார்த்த மூன்று பேரும் வாயைத் தைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாளைக்கு அவர்களும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் தெரிந்தே இருந்தது. விசாரணை அதிகாரி சாவுக்குக் காரணம் 'கவனக்குறைவு' என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். அம்மா எழுந்து கைகூப்பினாள்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க சார். எம்புள்ள தெருவக் கடக்கறதுன்னாக்கூட ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கடப்பான்."

நான் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் அலுவலக முத்திரை இருந்தது, தேதி இருந்தது. பெயர் எழுதுவது எங்கள் வழக்கமில்லை, தொழில் மட்டும்தான். அதிகாரி உரக்கவே படித்தார். உறை பிரிக்காத பெல்ட், கேட்டால் தராதது, செக்கிங், தலையாட்டல், எல்லாம் என் கையெழுத்தில் அழகாக இருந்தன.

"கண்ணாடி துடைப்பவர்னு போட்டிருக்கே, யாரும்மா இது?"

"என் தம்பி சார்."

அவர் போட்டோவை மறுபடி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். எட்டிலும் உறை இருந்தது. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி அடக்கிவிட்டு, 'கவனக்குறைவு' என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தார். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அம்மா சீட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுக்கு அதிகம் படிக்க வராது, ஆனால் தேதி புரியும். விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு மாசமா உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்து அம்மாவுக்கு இடம் பிடித்திருந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய், யாரோ ஒரு பெண்ணிடம் கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.