நூற்றுப் பதினேழாம் படி

ஒன்பது வருடமாக வசந்தி ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். திருத்தணி மலைப்படிகளில் உபயம் செய்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றை மிதித்துக்கொண்டுதான் எல்லாரும் முருகா முருகா என்று ஏறுகிறோம். அந்தப் பெயருக்குரிய ஆளையோ வீட்டையோ தேடிப்பிடித்து, பேசவைத்து, படிக்கு ஒரு கட்டுரை எழுதுவாள். மாதத்துக்கு ஒன்று முடித்தாலே பெரிய காரியம். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் பகலெல்லாம் வருமானச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் தட்டுகிறவளுக்கு இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. தானாக இழுத்துப்போட்டுக்கொண்டது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. துபாயிலிருந்தும் ஓசூரிலிருந்தும் நீளநீளமாகப் பின்னூட்டம் வரும். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்கும், அங்கிருந்து இன்ஸ்டாகிராமுக்கும் குடிபோய்விட்டார்கள். போன வருடக் கடைசியில் போட்ட கட்டுரைக்குப் பதினோரு பார்வை. அதில் நான்கு வசந்தியே பார்த்தது. இழுத்து மூடிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கௌரியம்மாள் கிடைத்தாள்.

நூற்றுப் பதினேழாம் படியில் 'முனியன் நினைவாக, மனைவி கௌரி' என்றிருந்தது. விசாரித்துக்கொண்டே போனதில், பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வயது எழுபதைத் தொட்டிருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை வசந்தி பஸ் ஏறிப் போனாள். முதல் இரண்டு வாரமும் மழையைப் பற்றியும் மருமகள் தீபாவின் சமையலைப் பற்றியுமே பேசிய கௌரியம்மாள், மூன்றாம் வாரம் நூலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

முனியன் சாகவில்லை. ஆந்திரா பக்கம் நகரிக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கௌரி ஏழு வருடம் காத்திருந்தாள். தினமும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். நகரியிலிருந்து கடைசி பஸ் வந்து போகிறவரை கதவைத் தாழ் போடமாட்டாள். எட்டாம் வருடம், இப்படியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, மலைக்குப் போய்ப் படிக்குப் பெயர் கொடுத்தாள். பெயர் வெட்டிய அன்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இறங்கி வரும்போது நெற்றியில் குங்குமம் இல்லை. தெருப் பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. புருஷன் செத்தவளை எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்தினார்கள்.

"இதை எழுதலாமுங்களா?" என்று வசந்தி கேட்டாள்.

"எழுதிக்கோம்மா. ஆனா முழுசா எழுது. அந்த ஏழு வருசத்தையும் எழுது. முழுசா படிக்கிறவங்க என்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வசந்தி முழுசாகத்தான் எழுதினாள். ஒன்பது வருடத்தில் அதுபோல ஒன்றை அவள் எழுதியதில்லை. பதினான்கு பேர்தான் பார்த்தார்கள்.

கடையில் பக்கத்து நாற்காலி அஃப்ஷானுக்கு. "இன்னாக்கா, இவ்ளோ நல்லா எழுதிட்டு யாருக்கும் தெரியாம வெச்சிகினு இருக்கீங்க? முப்பது செகண்டு ரீல் போடுங்க. லிங்க் குடுங்க. பார்க்கிறவங்க நேரா ப்ளாகுக்கு வந்துடுவாங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

வசந்தி படியைப் பெயர் தெரியப் படம் பிடித்தாள். முப்பது நொடிக்குள் ஏழு வருடம் அடங்கவில்லை. சோற்றை வெட்டினாள், கடைசி பஸ்ஸை வெட்டினாள், அழுகையையும் வெட்டினாள். மிஞ்சியது இதுதான்: 'உயிரோடு இருக்கும் கணவனுக்கு நினைவுப் படி வைத்த மனைவி! முழுக் கதைக்கு லிங்க்கைப் பாருங்கள்.' அந்த ஆச்சரியக்குறியைப் போட்டதும் அவளேதான்.

நான்கு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். முதல் நாள் வசந்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதை மறைத்தால் பொய். வலைப்பூவுக்கு வந்தவர்களோ முப்பத்திரண்டு பேர். மற்றவர்களுக்கு முப்பது நொடியே போதுமானதாக இருந்தது. ஒருவன் சிரிப்புச் சத்தம் சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டான். இன்னொருவன், 'இவளை விட்டு ஓடாமல் என்ன செய்வான்' என்று எழுதினான். அதற்கு மட்டும் ஒன்பதாயிரம் லைக்.

ஐந்தாம் நாள் தீபா போன் செய்தாள். "இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? அத்தை தெருவுல போனா, 'முனியன் வந்துகினு இருக்கான்'னு கத்துறானுங்க. மூணு நாளா வேலைக்கே போகல."

வசந்தி அந்த இடத்திலேயே ரீலை அழித்துவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகிக்கொண்டே போனாள். கௌரியம்மாள் திட்டவில்லை. வீட்டில் தீபா பக்கத்தில் இருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஏழு வருசம் எங்கம்மா போச்சு?"

"ப்ளாகுல இருக்குதுங்கம்மா. நான் எழுதினது அப்படியே இருக்குது."

"படி, கேக்கிறேன்."

வசந்தி போனைப் பார்த்து வாசித்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. கௌரியம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். கதவைத் தாழ் போடாத இடம் வந்தபோது, "ஆங்" என்றாள்.

முடிந்ததும், "நல்லாத்தான் எழுதிக்கிற. இப்படித்தான் நடந்துச்சு" என்றாள். பிறகு சொன்னாள்: "இதையும் எடுத்துடு."

"வேணாங்கம்மா. மத்தவங்க போட்டதை என்னால எடுக்க முடியாது. இதுவாவது இருந்தாத்தான் உண்மை தெரியும்."

"யாருக்கு?"

முப்பத்திரண்டு பேருக்கு என்று சொல்ல வசந்திக்கு வாய் வரவில்லை.

"உன்னை நம்பி குடுத்தேன். திருப்பிக் கேக்கிறேன், குடுத்துடும்மா."

நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. அவள் வேறு எங்கும் பிரதி வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்து, அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டு, ஆம் என்பதை அழுத்தினாள்.

"பாரு தீபா" என்றாள் கௌரியம்மாள்.

தீபா தன் போனில் தேடினாள். சிரிப்புச் சத்தம் வைத்ததும் வைக்காததுமாகப் படியின் படம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. விரல் ஓய்கிறவரை தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா எழுதினது மட்டும் போயிடுச்சு, அத்தை."