ஏழுவீட்டுக் கிணறு

திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவே கரிசல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் ஏழுவீட்டுப்பட்டி. தாத்தனுக்குத் தாத்தன் காலத்துப் பஞ்சத்தில் பிழைக்க வந்த ஏழு குடும்பங்கள் முள்ளை வெட்டி, காடு திருத்தி உண்டாக்கிய ஊர் அது. அந்த ஏழு குடும்பத்துக்கும் தலைவராக வந்தவர் பெயர் வெள்ளத்துரை. முருகலட்சுமி அவருடைய வம்சத்தில் ஐந்தாம் தலைமுறை.

ஊரின் முதல் கிணற்றை வெட்டியவரும் வெள்ளத்துரைதான். அறுபது அடி தோண்டியும் ஈரம் தட்டவில்லையாம். பிள்ளைகள் தாகத்தில் சுருண்டு விழுந்தபோது, அவருடைய தம்பி அருஞ்சுனை, "என்னைய எடுத்துக்கிட்டுத் தண்ணியக் குடு" என்று பூமியிடம் வேண்டிக்கொண்டு உள்ளே இறங்கினாராம். மண் அவரை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் தண்ணீர் பொங்கியது. கிணற்று மேட்டில் அவருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடிப் பொங்கல் வைப்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்கிற உரிமை முருகலட்சுமியின் தகப்பனார் மாரிச்சாமிக்கு. எழுபத்தாறு வயதிலும் குரல் கம்மாமல் சொல்வார். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கிணறு வற்றிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. முருகலட்சுமியின் புருஷன் தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நாலு ஏக்கரையும் பார்த்துக்கொள்வது அவள்தான். போன வைகாசியில் போர்வெல் தண்ணீரும் நின்றுபோய், கத்தரிச் செடி நின்ற நிலையில் கருகியது. பழைய கிணற்றைத் தூர்வாரி, இன்னும் பத்தடி இறக்கிப் பார்த்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

"வேணாம் தாயி. அது சாமி கெணறு. தொடாத" என்றார் மாரிச்சாமி.

"சாமி நமக்குத் தண்ணி குடுக்கத்தான எறங்குச்சு? கோவிச்சுக்கிராதுய்யா."

அன்று இரவும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. வயசானவருடைய பிடிவாதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பாலவனத்தத்திலிருந்து ஜெகதீஸ்வரன் தன் கிரேனைக் கொண்டுவந்து கிணற்று ஓரத்தில் நிறுத்தினான். அவனிடம் வேலை பார்க்கும் கார்த்தீஸ்வரன் அருப்புக்கோட்டைக்காரன், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. முப்பத்தெட்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். அவன் உள்ளே இறங்கி மண்ணை வெட்டி இரும்புத் தொட்டியில் அள்ளிப் போடுவான். ஜெகதீஸ்வரன் மேலே இழுத்துக் கொட்டுவான். முதல் இரண்டு நாள் எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றாம் நாள் காலை, அடியில் ஈர மண் வர ஆரம்பித்தது. கார்த்தீஸ்வரன் ஒரு கைப்பிடி மண்ணைத் தொட்டியில் தனியாக வைத்து அனுப்பினான். முருகலட்சுமி அதை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள்.

பதினோரு மணி இருக்கும். அவள் டீ வாங்கிய தூக்குவாளியோடு கிணற்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். காலடியில் தரை லேசாக அசைந்தது போலிருந்தது. அடுத்த கணம் பெரிய மூட்டையைத் தள்ளிவிட்டது மாதிரி ஒரு சத்தம். கிணற்றுக்குள்ளிருந்து புழுதி மேலே எழும்பியது.

"கார்த்தி! ஏலே கார்த்தி!" ஜெகதீஸ்வரன் கத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே... மண்ணு சரிஞ்சிருச்சுண்ணே. இடுப்புக்கு மேல மூடிருச்சு. காலு மேல கல்லு கெடக்கு. கயித்தப் போட்டு இழுத்துறாத, இழுத்துறாத."

முருகலட்சுமி எட்டிப் பார்த்தாள். கிழக்குப் பக்கச் சுவரில் பாதியைக் காணோம். மேலே, அவள் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி, தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது, வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ஊர்ச் சனம் கூடிவிட்டது. யாரும் விரிசலைத் தாண்டி வரவில்லை. முருகலட்சுமியின் சித்தப்பா மகன், முன்னோர் பெயரையே வைத்திருந்த வெள்ளத்துரை, கையை விரித்து எல்லோரையும் மறித்தான்.

"யாரும் எறங்காதீக. மிச்சச் சுவரும் நிக்காது. வண்டி வரட்டும்."

உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது. "அண்ணே, மண்ணு விழுந்துக்கிட்டே இருக்கு. நெஞ்சுக்கு வந்திருச்சு."

அந்த நேரத்தில்தான் மாரிச்சாமி வந்தார். செருப்பில்லாமல், துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் வந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேக்குதா? கூப்புடுறானா?" என்றார்.

"ஆமாய்யா. உசுரோடதான் இருக்காரு. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் முருகலட்சுமி.

அவர் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கும் இப்பிடித்தான் தாயி கூப்புட்டிருக்கான். ரெண்டு நாளு."

"யாரு?"

"அருஞ்சுனை. அவன் நம்ம தாத்தனுக்குத் தம்பியில்ல. கெணறு வெட்டக் கூலிக்கு வந்தவன். எந்த ஊரு, யாரு பெத்த பிள்ள, ஒண்ணும் தெரியாது. பேருகூட நம்ம ஆளுக பொறகு வச்சதுதான். மண்ணு சரிஞ்சு மாட்டிக்கிட்டான். ரெண்டு நாளு கத்தியிருக்கான். ஏழு வீட்டு ஆம்பளைகளும் மேல நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காக. ஒருத்தரும் எறங்கல. மூணாம் நாளு சத்தம் நின்னு போச்சு. தண்ணி ஏறிருச்சு. அந்தத் தண்ணியத்தான் எல்லாரும் குடிச்சாக."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எங்கய்யா சாகும்போது எங்கிட்டச் சொன்னாரு. மூத்த ஆம்பளப் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லணும்னாரு. எனக்கு ஆம்பளப் பிள்ள இல்ல. என்னோட போகட்டும்னு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் வாயைத் துண்டால் பொத்த முயன்றார். துண்டு இல்லை. கையால் பொத்திக்கொண்டார்.

"கெழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றான் வெள்ளத்துரை. ஆனால் அவன் குரலில் தெம்பில்லை.

முருகலட்சுமி ஜெகதீஸ்வரனிடம் போனாள். "நான் எறங்குறேன். மூஞ்சி மூடாம மண்ணத் தள்ளிவிட்டாப் போதும். வண்டி வந்துரும்."

"அக்கா, நானே எறங்கிருவேன். கிரேன ஓட்ட வேற ஆளில்ல."

"அதான் நான் போறேங்கறேன். நான் நாப்பத்தஞ்சு கிலோகூட இல்ல. எனக்குச் சுவரு தாங்கும்."

அவன் அவளைப் பார்த்தான். வேறு வழி தெரியாமல் தலையாட்டினான். "கம்பிய ஒருக்கா இழுத்தா மேல தூக்குவேன். ரெண்டு தடவ இழுத்தா நிறுத்துவேன்."

அவள் தொட்டியில் உட்கார்ந்து விளிம்பைத் தாண்டினாள். தலைக்கு மேல் வெளிச்சம் சுருங்கிக்கொண்டே போனது. சுவரின் கல் இடுக்குகளிலிருந்து மண் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் மழை தொடங்குவது மாதிரி இருந்தது. யாருடைய எலும்பின் மேல் இறங்குகிறோம் என்ற நினைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அடியில் கார்த்தீஸ்வரனின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. முகமெல்லாம் மண். அவள் அருகே மண்டியிட்டு, கொண்டுவந்த தட்டால் அவன் கழுத்தைச் சுற்றி மண்ணை வாரினாள். வார வார மேலேயிருந்து சரிந்தது. தட்டைப் போட்டுவிட்டுக் கையால் வாரினாள். நெஞ்சு கொஞ்சம் விடுபட்டதும் அவன் நீளமாக மூச்சு இழுத்தான்.

"அக்கா."

"பேசாதீக. மூச்ச விடுங்க."

"மேல பெரியவரு சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா."

அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"எல்லாம் கேட்டுச்சு" என்றான். "நீங்க போயிருவீகளா?"

"போகல" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, எதிர்ச் சுவரிலிருந்து ஆட்டுக்குட்டி அளவு கல் ஒன்று பெயர்ந்து அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. தரை அதிர்ந்தது. அவள் யோசிக்கவில்லை. எழுந்து தொட்டிக்குள் பாய்ந்து கம்பியை ஒருமுறை இழுத்தாள். தொட்டி கிளம்பியது. கீழே பார்த்தாள். அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

நாலடி, ஐந்தடி. மேலே வெளிச்சம் இருந்தது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. பத்தடி வந்திருப்பாள். அவள் கை கம்பியை இரண்டு முறை இழுத்தது.

தொட்டி நின்றது. "எறக்குங்க!" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள்.

அவள் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்தபோது அவன் கண் திறந்தான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள்.

"எனக்கும்தேன்."

அதன்பின் அவள் மண் வாருவதையும் அவன் மூச்சு விடுவதையும் தவிர அங்கே வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை மண் அவன் வாய்வரை வந்தது. இரண்டு தடவையும் வாரித் தள்ளினாள். நகக்கண்ணெல்லாம் ரத்தம். நடுவில் அவன் பேச்சு நின்றுபோனபோது, பெண்டாட்டி பேரைக் கேட்டாள். பானுப்பிரியா என்றான். பிள்ளைகள் பேரைக் கேட்டாள். மூத்தவள் பேரைச் சொன்னான். இளையவள் பேர் ஞாபகம் வரவில்லை என்று அழுதான்.

தீயணைப்பு வீரர்கள் பலகைகளோடு இறங்கி, சுவருக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் அவளை மேலே அனுப்பினார்கள். கார்த்தீஸ்வரனை மாலை நாலரைக்கு வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. மதுரையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிணற்றை ஒரு வாரத்தில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். ஈரம் தட்டிய மண்ணுக்கு மேலேயே ஐம்பது லோடு விழுந்தது.

அடுத்த மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடினார்கள். மாரிச்சாமி எழுந்து நின்று, இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி சொன்னார். கூலிக்கு வந்தவன் என்றார். பேர் தெரியாது என்றார். ரெண்டு நாள் என்றார்.

வெள்ளத்துரை துள்ளி எழுந்தான். "நம்ம வம்சத்த நாமளே சந்தியில இழுக்குறதா? காடு கெடந்த எடத்துல ஊர உண்டாக்குன மனுசங்க அவுக! பயந்திருப்பாக. நின்னுருப்பாக. அதுக்காக அவுகளக் கொலகாரனாக்குவீகளா?"

"யாரும் அப்படிச் சொல்லலண்ணே" என்றாள் முருகலட்சுமி. எட்டு மாதமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாதது அவள் வாயில் வந்தது. "நானும் கம்பிய இழுத்தேன். அவர விட்டுட்டு மேல வந்தேன். பத்தடி வந்தேன்."

வெள்ளத்துரை அவளையே பார்த்தான். அவள் குனிந்து தன் பானைக்கு அடியில் விறகைத் தள்ளினாள்.

மூன்று வீட்டுக்காரர்கள் பானையை இறக்கிவைத்துவிட்டு அப்போதே கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். பொங்கல் வைத்தார்கள். படைக்கும்போது எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று பூசாரி கேட்டார். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பேர் சொல்லாமலே சூடத்தைக் கொளுத்தினார்.