கேட்டில் அறுந்த காப்பு

கையில் கயிறு, பட்டி எதுவும் கட்டி வரக்கூடாது என்ற சட்டத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவந்ததே டிலானிதான். சிநேகிதப் பட்டியை யார் யாருக்குக் கட்டுவது என்று பையன்கள் அடிபட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மாணவத் தலைவி அவள். காலைக் கூட்டத்தில் எழுந்து சட்டம் வேண்டும் என்று கேட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு நம் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்! காலையில் பாடசாலைக் கேட்டில் கத்தரிக்கோலோடு நிற்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

மாசி பிறந்து, தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினார்கள். இந்த வருசம் காமன் வேசம் அவள் தம்பி பிரதீபனுக்கு. சின்ன வயதிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்த வேசம். கோயிலில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டார்கள். காமனை எரித்து, எழுப்பி, கூத்து முடிகிற வரை அதை அவிழ்க்கக்கூடாது. இடையில் அறுந்தால் வேசம் வேறு ஆளுக்குப் போய்விடும். சட்டம் கேட்ட அன்று இந்தக் காப்பு டிலானியின் ஞாபகத்துக்கே வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதுகூடவா மறக்கும்? மறந்துவிட்டது.

ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் பேரின்பநாயகம் சேரிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனுசன் இல்லை.

“எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா இண்டைக்கு ஒருத்தனை விட்டா, நாளைக்கு எல்லாற்றை கையிலையும் காப்புத்தான். நீங்கள் கேட்டு வாங்கின சட்டம்தானே?”

திரும்பி வந்தாள். தம்பியை ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு வரச் சொன்னாள். பனிக்காலம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கேட் வரிசையில் நின்ற கோசலா கவனித்துவிட்டாள். அம்மா துபாய்க்குப் போகும்போது கட்டிவிட்ட கயிறு என்று முந்தின நாள் கேட்டில் அழுத பிள்ளை. “எல்லாருக்கும் ஒரே சட்டம்” என்று பெரிய மனுசி மாதிரிச் சொல்லி டிலானி அதை அறுத்திருந்தாள்.

“அக்கா, ஒங்க தம்பி கையில என்னான்னு பாருங்க! எனக்கு மட்டுந்தான் அறுப்பீங்களா?”

வரிசை அப்படியே நின்றது. சேரும் வந்து நின்றார். பிரதீபன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனே ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினான்.

“அறுத்துரு அக்கா. இல்லாட்டி ஒனக்குத்தான் பேச்சு வரும்.”

யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒருவரும் சொல்லவில்லை. அறுத்தாள்.

பின்னேரம் திடலில் தப்பு மேளச் சத்தம் ஆரம்பித்திருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அம்மா ஜெயலெட்சுமி, மகனின் வெறும் கையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“காப்பு எங்கடா?”

“பீலித் தண்ணியில குளிக்கையில அந்துருச்சும்மா.”

“சாமி காரியத்துல இம்புட்டு அசட்டையாடா ஒனக்கு!” அம்மாவின் கை அவன் முதுகில் மாறி மாறி விழுந்தது. அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். பிரதீபனுக்குப் பதிலாக வீரய்யா மகனுக்குக் காமன் வேசம் என்று வாசலில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள்.

“அம்மா, நாந்தான்...” என்றாள் டிலானி.

தப்புச் சத்தத்தில் அது அம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.